டேப்லெட்டுக்கு வைத்த சந்தனம்

பள்ளிக்கூடத்து டேப்லெட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவன் நான்தான். இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, கூட்டக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் பேசினேன். பிள்ளைகளின் கண் கெட்டுவிடும், கையெழுத்து கெட்டுவிடும், படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படம் பார்ப்பார்கள், நாங்களெல்லாம் இது இல்லாமல் படிக்கவில்லையா என்று கேட்டேன். நான் படித்த லட்சணம் கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். இதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டு வரைக்கும், அதற்குப் பிறகு டவுனில் மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் போனேன், வந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தலையைக்கூட ஆட்டினார்கள்.

மகளின் வகுப்பு டீச்சர் எழுந்தார். கோபப்படாமல்தான் பேசினார்.

"அண்ணே, ஒரே ரூம்ல ரெண்டாம் ஆண்டையும் மூணாம் ஆண்டையும் உக்கார வச்சிப் படிச்சிக் கொடுக்கறேன். பிள்ளைங்க கம்மி, அதனால ஒரு டீச்சர்தான். ரெண்டாம் ஆண்டுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கறப்ப மூணாம் ஆண்டு சும்மா ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்கு. இது கையில இருந்தா, அது வாசிச்சிக் காட்டும், பிள்ள திருப்பி வாசிக்கும். தப்பா வாசிச்சா நிறுத்தி மறுபடியும் சொல்லிக் கொடுக்கும். நாப்பது தடவ கேட்டாலும் அது சலிச்சுக்காது. நான் சலிச்சுக்குவேன்லா."

இதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் மூன்றாம் ஆண்டு. வீட்டில் அம்மாவிடம் பேசுவாள், பூனையிடம் பேசுவாள். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். எழுந்து வாசி என்றால் உதடு அசையும், சத்தம் வராது. முதலாம் ஆண்டில், பிள்ளை புதிது, போகப் போகச் சரியாகும் என்றார்கள். இரண்டாம் ஆண்டிலும் அதையே சொன்னார்கள். நான் என்னால் ஆனதைச் செய்தேன். கோயிலில் அர்ச்சனை, கையில் மந்திரித்த கயிறு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டுதல். ஒவ்வொரு நாளும் விளக்கு ஏற்றும்போது, இவளுக்கு வாக்கைக் கொடு என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். "என் மூஞ்சில என்னா எழுதியிருக்கு, புத்தகத்தப் பாரு" என்பேன். அதோடு சரி, அன்றைய பாடம் முடிந்துவிடும்.

கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் எனக்கு வேலை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு போனேன். பள்ளிக்கூடங்களைப் பார்க்க வரும் அதிகாரி சரஸ்வதி பூஜை முடிந்து இரண்டாம் நாள் வருகிறார் என்று டீச்சர் சொன்னார். வாசிக்க முடியாத பிள்ளைகளை அவரே உட்கார வைத்துக் கேட்பார். மகள் வாசிக்கவில்லை என்றால், டவுன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் தனி வகுப்புக்கு அவள் பெயரை எழுதிவிடுவார்கள்.

"அங்க போறது கெட்டதுன்னு சொல்ல வரல அண்ணே. தேவப்படற பிள்ளைங்களுக்கு அது நல்ல வகுப்புதான். ஆனா இவளுக்குப் படிக்கத் தெரியும். நமக்குத்தான் கேக்கல. இருக்கற கூட்டாளி ரெண்டு பேரையும் விட்டுட்டு, விடியறதுக்கு முன்னாடி வேன் ஏறி, தெரியாத பிள்ளைங்களோட போய் உக்காந்தா, இருக்கற வாயையும் மூடிக்குவா."

பிறகு மேசையில் இருந்த டேப்லெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் கூட்டத்தில் பேசியதை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட மனம் லேசாகியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, மகள் அதைப் பார்த்து வாசிக்க வேண்டும், அது பதிவு செய்து வைத்துக்கொள்ளும். நேரில் வாசிக்காவிட்டாலும் பதிவுகளை அதிகாரியிடம் போட்டுக் காட்டலாம். மண் சரிந்ததில் பள்ளிக்கூடத்து இன்டர்நெட் கம்பி அறுந்து கிடந்தது, எங்கள் லயத்து வீடுகளிலோ மழை பெய்தால் போன்கூட எடுக்காது. அதனால் பதிவுகளை வேறு எங்கும் அனுப்பி வைக்க வழி இல்லை.

"எல்லாம் இது உள்ளதான் இருக்கும். பத்திரம் அண்ணே" என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று தொடங்கியது என் வீட்டில் ரோதனை. நான் சாயங்காலம் ஆறரை மணிக்கு விளக்கு ஏற்றுகிறவன். காலை ஷிப்ட்டு முடிந்து வந்து, குளித்து, திருநீறு பூசி, இரண்டு பாட்டுப் பாடித்தான் சாப்பாட்டில் கை வைப்பேன். என் அப்பா அப்படி, நானும் அப்படி. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற எல்லாரும் சாமி முன்னால் நிற்க வேண்டும். சரியாக அதே நேரத்தில் மகள் பின்கட்டில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது ஒரு பெண் குரலில் ஏதோ சொல்லும். நான் மணியை ஆட்டினால் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கடவுளே, எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும். போய் நின்று ஒரு சத்தம் போட்டால்தான் அவள் எழுந்து வருவாள்.

மனைவி, சுற்றுலாக்காரர்கள் வரும் தோட்டத்து டீக்கடையில் வேலை செய்கிறவள். அவள் வீடு வந்து சேர ஏழாகிவிடும். ஒரு நாள் சொன்னாள், "அவ படிக்கிற நேரத்த மாத்த முடியாதா, இல்ல நீங்க கும்புடற நேரத்த மாத்த முடியாதா?"

"சாமி நேரத்த மாத்தச் சொல்றியா?"

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லல. கேட்டேன்."

மகள் பள்ளி விட்டு வந்ததும் படிக்கலாமே என்று நான் கேட்டேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் விளையாடுவார்கள், அந்தச் சத்தமும் பதிவாகிறது என்றாள் மனைவி. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் தாத்தாமார் கப்பலேறி வந்த இந்த நாட்டில் அதற்கு லீவு கிடையாது. வேலை முடிந்து வந்து சாயங்காலம்தான் பூஜை. மகளின் புத்தகம், நோட்டு, பென்சில், என் ஸ்பேனர் இரண்டு, மனைவியின் கத்தரிக்கோல், எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் அடுக்கினேன். அப்போதுதான் டேப்லெட் கண்ணில் பட்டது. அவள் அதில்தானே படிக்கிறாள், அதுவும் புத்தகம்தானே என்று தோன்றியது. அதை எடுத்து அம்பாள் முன்னால் வைப்பது ஒரு மரியாதை என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அது வந்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் இருந்த வெறுப்பு அந்த நேரத்தில்தான் கொஞ்சம் குறைந்தது.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா, சார்ஜ் போடணும். இன்னிக்கு இன்னும் வாசிக்கல."

"இன்னிக்குப் புத்தகத்தத் தொடக்கூடாது. நாளைக்குக் காலையில எடுத்துப் படிக்கலாம்."

"டீச்சர் ஒவ்வொரு நாளும்னு சொன்னாங்க."

"டீச்சருக்கும் இன்னிக்கு சரஸ்வதி பூஜைதான்."

டேப்லெட்டின் பின்பக்கத்தில் மூன்று விரலால் திருநீறு பூசினேன். சந்தனப் பொட்டு வைக்க இடம் தேடினேன். மூலையில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது, பொட்டுக்கென்றே செய்த மாதிரி. அங்கே சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். அதுதான் படம் எடுக்கிற கண் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் வைத்தேன், கண்ணுக்கு மேலே பொட்டு வைப்பதில் என்ன தப்பு. படுக்க வைத்தால் பூ விழுந்து மூடுகிறது என்று அம்பாள் படத்தின் மேல் சாய்த்து நிறுத்தினேன். வழுக்கியது. சிறிய சாமிப் படங்கள் வழுக்காமல் இருக்க ஈரச் சந்தனத்தை உருட்டி அடியில் ஒட்டி நிறுத்துவது எங்கள் வீட்டுப் பழக்கம். எத்தனையோ வருடமாக எந்தச் சாமியும் விழுந்ததில்லை. அதே மாதிரி ஒரு பெரிய உருண்டை உருட்டி, டேப்லெட்டின் அடி விளிம்பில் நடுவாகப் பார்த்து அழுத்தினேன். ஆடாமல் அசையாமல் நின்றது. கற்பூரம் காட்டும்போது எனக்கே பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடி விளிம்பின் நடுவில்தான் சார்ஜ் போடும் ஓட்டை இருக்கிறது.

மறுநாள் காலை மறுபூஜை செய்து எல்லாவற்றையும் எடுத்தேன். எடுத்ததும் பிள்ளை ஒரு வரியாவது வாசிக்க வேண்டும். மகள் புத்தகத்தைத் தொடாமல் டேப்லெட்டை எடுத்து அழுத்தினாள். கறுப்பாகவே இருந்தது. சார்ஜ் கம்பியைக் கொண்டுவந்து சொருகினாள். கம்பி உள்ளே போகவில்லை. சந்தனம் காய்ந்து சிமிட்டி மாதிரி இறுகியிருந்தது. நான் அதை வாங்கி, மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்த சிறிய ஸ்க்ரூ டிரைவரால் தோண்டினேன். கொஞ்சம் வெளியே வந்தது, மிச்சம் இன்னும் உள்ளே போனது.

மனைவி வேலைக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். பார்த்துவிட்டு, "என்னங்க இது?" என்றாள்.

"சந்தனம்."

"சந்தனம்னு தெரியுது. அதுல ஏன் இருக்கு?"

"பூஜையில வச்சேன்."

"பூஜையில வச்சா பக்கத்துல வைக்கணும். உள்ள வைப்பாங்களா? உங்க சாமி சார்ஜ் போட்டுக் கொடுன்னு கேட்டுச்சா?"

மகள் அழவில்லை. என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டாள். மறுநாள் அதிகாரி வருகிறார். அவள் வாசித்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது. தன்னைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை என்று அந்த ஒன்பது வயதுக்குத் தெரிந்திருந்தது. வேலைக்குப் போகிற வழியெல்லாம் நான் அம்பாளிடம் சண்டை போட்டுக்கொண்டே போனேன். உனக்குப் பொட்டு வைத்தவனை இப்படியா செய்வாய் என்று கேட்டேன். பிறகு அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் மகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். டேப்லெட்டைத் திறக்க விரலால் போடுகிற கோடு அவளுக்குத்தான் தெரியும், அதனால் அவளும் வரவேண்டியிருந்தது. டேப்லெட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழைக் கோட்டுக்குள் வைத்திருந்தேன். தூறல், பனி, எதிரே வரும் காய்கறி லோரி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. போன் ரிப்பேர் செய்யும் பாய் கடை சந்துக்குள் இருந்தது. எனக்குத் தெரிந்தவர்தான், என் போனுக்கு இரண்டு தடவை கண்ணாடி மாற்றியவர்.

பையைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பூஜையா அண்ணே?"

"ஆமா பாய்."

"பூஜை முடிஞ்ச மறுநாள் கடையத் தொறக்கறதுக்கு முன்னாடியே நான் பல்குச்சி ஒரு டப்பா எடுத்து வச்சிருவேன். போன வருசம் ஒருத்தரு, லோரி சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி லேப்டாப்புக்கு அடியில எலுமிச்சம்பழத்த வச்சி அமுக்கியிருக்காரு. அதுக்கு இது எவ்வளவோ தேவலலா."

எனக்கு ஆறுதல் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ஏதோ ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைத்தார், பல்குச்சியால் நெம்பினார், சின்னத் தூரிகையால் துடைத்தார். ஸ்க்ரூ டிரைவர் பட்ட தடத்தைப் பார்த்து, "இது யாரு வேல?" என்றார். நான் தெருவைப் பார்த்தேன். கம்பியைச் சொருகி அரை மணி நேரம் விட்டார். நான் வாய்க்குள் கந்தர் நாமத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். திரையில் வெளிச்சம் வந்தது.

"உயிர் இருக்கு அண்ணே. கீழ ஸ்பீக்கர் ஓட்டையிலயும் தூள் போயிருக்கு. சத்தம் வருதான்னு பாக்கணும். பாப்பா, ஏதாச்சும் போடு."

மகள் கோடு போட்டுத் திறந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு பதிவைத் தொட்டாள்.

ஆற்றங்கரையில் ஒரு மருத மரம் இருந்தது என்று ஒரு பிள்ளையின் குரல் வாசித்தது. அந்த மரத்தில் இரண்டு கொக்குகள் கூடு கட்டின. யார் பிள்ளை இவ்வளவு தெளிவாக வாசிக்கிறது என்று நினைத்த பிறகுதான் அது அவள் குரல் என்று புரிந்தது. ஒரு சொல்லில் தடுக்கியது. டேப்லெட்டில் இருக்கும் பெண் குரல் அதைச் சொல்லிக் கொடுத்தது. அவள் திருப்பிச் சொன்னாள், மறுபடியும் சொன்னாள், மூன்றாம் தடவை அந்தச் சொல் சரியாக வந்ததும் தனக்குத்தானே ம் என்று ஒரு சத்தம் போட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது அதற்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு ஆம்பளைக் குரல்.

"இன்னும் அதையே நோண்டிக்கிட்டு இருக்கியா? சாமிக்கு முன்னாடி வந்து நிக்கத் தெரியாதா? படிச்சிக் கிழிச்சது போதும், எந்திரி."

அதோடு பதிவு நின்றது.

பாய் அடுத்ததைத் தொட்டார். சத்தம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார், வேறு எண்ணம் இல்லை. கொக்குக்குப் பதிலாக அதில் ஒரு சந்தைக் கதை. பாதி வழியில் மணி, அதன் பின்னால் என் குரல். மூன்றாவதில் நான் கத்தவில்லை, என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் நெருங்க நெருங்க அவள் குரல் தேய்ந்து, கடைசியில் உதடு ஒட்டிப் பிரிகிற ஒலிதான் மிச்சம் இருந்தது. வகுப்பில் அவள் வாசிக்கிற விதம் அதுதான் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

பாய் சத்தத்தைக் குறைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றார்.

நான் கேட்டேன், "பாய், நான் பேசறத மட்டும் இதுலருந்து வெட்டி எடுக்க முடியுமா?"

அவர் நோண்டிப் பார்த்தார். "இது பள்ளிக்கூடத்து ஆப். வெட்ட விடாது. அழிக்க மட்டும்தான் விடுது."

"அப்ப மோசமா இருக்கறத அழிச்சிரலாம்."

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பின்னேர ஷிப்ட்டில் நான் ஒரு வாரம் வேலை செய்திருந்தேன். அந்த வாரத்துப் பதிவுகள் மட்டும் முடிவு வரைக்கும் போயிருந்தன. மற்ற எல்லாவற்றிலும் நான் இருந்தேன். மோசமானதை அழித்தால் எதுவுமே மிஞ்சாது.

மகள் என் பக்கம் திரும்பாமல் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அழிச்சிட்டா டீச்சருக்கு என்னா காட்டுறது? நான் வாசிச்சதும் போயிரும்."

என்னிடம் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நாளாகிவிட்டது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று பாயிடம் சொன்னேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி போட்ட அம்மா. டீச்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மகள். அதிகாரி ஒரு தாளைக் கொடுத்து, "மெதுவா வாசிங்க, அவசரமில்ல" என்றார். மகள் தாளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒரு நிமிடம் போனது. "வாசிலா, தெரிஞ்சதுதானே" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, அதிகாரி என்னைப் பார்க்காமலே கையை உயர்த்திக் காட்டினார்.

டீச்சர் டேப்லெட்டைப் போட்டார். முதலில் பின்னேர ஷிப்ட்டு வாரத்தில் ஒன்று, முழுதாக ஓடியது. அதிகாரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பிறகு அவரே கையை நீட்டி இன்னொன்றைத் தொட்டார், மற்றொன்றையும் தொட்டார். அந்தச் சின்ன அறையில் என் குரல் பாய் கடையில் கேட்டதை விடப் பெரிதாகக் கேட்டது. படிச்சிக் கிழிச்சது போதும் என்று அது சொன்னது.

"இது யாரு?"

"நாந்தாங்க."

"அது எந்த நேரம்?"

"சாமி விளக்கு ஏத்துற நேரங்க. எல்லாரும் வந்து நிக்கணும்னு..." பிள்ளைக்கு வாக்குக் கொடு என்று கேட்கத்தான் விளக்கு ஏற்றினேன் என்பதை அந்த அறையில் எப்படிச் சொல்வது.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. எழுந்து, "நாம எல்லாரும் கொஞ்சம் வெளிய போவோம்" என்றார். மகள் முன்னால் டேப்லெட்டை வைத்து, அவள் அதுவரை பார்த்திராத ஒரு பத்தியைத் திறந்து வைத்தார். மூன்று பேரும் வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினோம். டீச்சர் பூந்தொட்டியைப் பார்த்தார். நான் இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை, கேட்டுவிடக் கூடாது என்று தள்ளி நின்றோம்.

மகள் கதவைத் திறந்ததும் அதிகாரி உள்ளே போய்ப் பதிவைப் போட்டார். மலைப்பாதையில் லோரி ஓட்டுகிற ஒருவரைப் பற்றிய பத்தி. நான்கு இடத்தில் தடுக்கினாள். நான்கையும் அதுவே சொல்லிக் கொடுக்க, திருத்தி வாசித்தாள். முடிவு வரைக்கும் வாசித்தாள்.

அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதினார். "படிக்கத் தெரியாத பிள்ளைன்னு நான் எழுத முடியாது. இங்கயே இருக்கட்டும். வருசக் கடைசியில மறுபடியும் வந்து பாக்கறேன். அப்ப ஒரு ஆள் முன்னாடியாவது வாசிக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, அது வரைக்கும் டேப்லெட் உங்க வீட்லயே இருக்கட்டும். பிள்ள வாசிக்கற நேரத்துல நீங்க வீட்ல இருக்க வேண்டாம்" என்றார்.

கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய நான் மறுபடியும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆறு மணிக்கே குளித்து விளக்கு ஏற்றிவிடுகிறேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆறரையிலிருந்து இருபது நிமிடம் என் வீட்டில் எனக்கு இடமில்லை. எங்கள் மலையில் அந்த நேரத்துக்கு ஒன்று மழை பெய்யும், இல்லாவிட்டால் பனி இறங்கும். குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக் கோடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வரும்போதெல்லாம், "என்னா தம்பி, இன்னிக்கும் மக வீட்ட விட்டுத் தொரத்திட்டாளா?" என்று கேட்கிறார். ஒரு தடவை விவரமாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு ஏன் உன்னத் தொரத்துனா?" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன்.

எரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். உழைத்து வந்து கால் நீட்ட வேண்டிய நேரத்தில் மழையில் நிற்பவனுக்கு எரிச்சல் வராதா. ஒரு பொருளிடம் வாய் திறக்கிற பிள்ளை பெற்றவனிடம் திறக்கவில்லை என்பது சின்ன விஷயமா. அந்தப் பெண் குரல் மூன்று தடவை சொல்லிக் கொடுத்த பிறகும் அதே அமைதியோடு நான்காம் தடவை சொல்லிக் கொடுக்கிறது. எனக்கு இரண்டாம் தடவையே கை ஓங்குகிறது. நான் அதனிடம் தோற்றது அங்கேதான். இதைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு நாள், நான் குடையை எடுக்கும்போது மகள் பின்கட்டிலிருந்து வந்தாள். "அப்பா, இன்னிக்கு உள்ளயே இருங்க. பேசக்கூடாது. என்னையப் பாக்கக்கூடாது."

சரி என்று தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து டேப்லெட்டைத் தொட்டாள். முதல் வரி வந்தது, மெதுவாக. இரண்டாம் வரி வந்தது. மூன்றாம் வரியில் ஒரு சொல் தடுக்கியது, எனக்கு அந்தச் சொல் தெரியும், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் குரல் சொல்லிக் கொடுத்தது. அவள் திருப்பிச் சொன்னாள். நான்காம் வரியை முடித்தாள். பிறகு சத்தம் இல்லை. நான் மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. உதடு ஒட்டிப் பிரிகிற ஒலி கேட்டது.

"போங்கப்பா" என்றாள்.

நான் எழுந்து, அவள் பக்கம் திரும்பிப் பார்க்காமல், குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.